புற்றுநோய் ஆய்விதழை அளக்க எந்தத் தரவுத்தளம்? காவிரிப் படுகை ஆய்வு மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நூலகவியலில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஆண்டுதோறும் வருகிறார்கள். பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று படுகையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருபவர்கள். பலர் கொண்டுவரும் தலைப்பின் அச்சு ஒன்றுதான். ஒரு புற்றுநோய் மருத்துவ ஆய்விதழை எடுத்துக்கொள்வது. பத்தாண்டுகளில் அதில் என்னென்ன பொருள்கள் குறித்து யார் யார் எழுதினார்கள், அந்தக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்று கணக்கிடுவது. தலைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சைக்கும் திருச்சிக்கும் அடையாற்றுக்கும் சிகிச்சைக்காகப் போய்வரும் குடும்பங்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்த நோயைப் பற்றி உலகம் எதை ஆராய்கிறது, எதை ஆராயாமல் விடுகிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. “ஸ்கோபஸில் தரவு எடுக்கலாமா, வெப் ஆஃப் சயின்ஸில் எடுக்கலாமா, சார்?” என்று கேட்கிறார்கள். எந்தக் கட்டுரை எங்கே மேற்கோள் காட்டப்பட்டது என்று பதிவு செய்யும் இந்த இரண்டு தரவுத்தளங்களைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல அந்தக் கேள்வி வந்து விழுகிறது. இரண்டுக்கும் பெருந்தொகை சந்தா கட்ட வேண்டும். படுகையின் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கடைசியில், தெரிந்தவர் மூலம் எங்கிருந்தோ யாரோ இறக்கிக் கொடுத்த ஒரு கோப்பை வைத்துக்கொண்டு மாணவர் அட்டவணை போடத் தொடங்குகிறார். அந்தக் கோப்பு எந்த நாளில், எந்தத் தேடலில் எடுக்கப்பட்டது என்று அவருக்கே தெரியாது. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் போன்ற மருத்துவப் பொருளுக்கு, சந்தா வசதி இல்லாத கல்லூரி மாணவர் பப்மெட் என்ற இலவச மருத்துவத் தரவுத்தளத்தை முதன்மைத் தளமாகவும் ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தைத் துணையாகவும் வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து ஆய்வு செய்யலாம். பல்கலைக்கழக வளாகத்தில் ஸ்கோபஸ் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வெப் ஆஃப் சயின்ஸ் கிடைக்கவில்லை என்று தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுபொறியான கூகுள் ஸ்காலரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

ஒரே கட்டுரைக்கு ஐந்து தளங்கள் ஐந்து மேற்கோள் எண்ணிக்கை காட்டும். மாணவர்கள் இதைப் பார்த்ததும் கலங்கிவிடுகிறார்கள். எது சரி என்று கேட்கிறார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீரைக் கல்லணையில் அளந்தால் ஒரு கணக்கு, கடைமடை மதகில் அளந்தால் வேறொரு கணக்கு வரும். இரண்டு அளவும் பொய்யில்லை, அளந்த இடம்தான் வேறு. ஒவ்வொரு தரவுத்தளமும் தன் பட்டியலுக்குள் இருக்கும் இதழ்களிலிருந்து வரும் மேற்கோளை மட்டுமே எண்ணுகிறது. பட்டியல் பெரிதானால் எண்ணிக்கை கூடும். ஆகவே ஓர் ஆய்வேட்டில் ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு கலந்து ஒரே அட்டவணையில் போடுவது பெரும் பிழை. எந்த இடத்தில் நின்று அளந்தோம் என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எழுதிவிட வேண்டும்.

இதழைத் தேர்ந்தெடுப்பது

தரவுத்தளத்துக்கு முன் இதழ் முடிவாக வேண்டும். மாணவர்கள் முதலில் ஓடுவது தாக்கக் காரணி, அதாவது ஓர் இதழின் கட்டுரைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், உச்சத்தில் இருக்கும் இதழை நோக்கி. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1950 முதல் நடத்தும் ‘சி.ஏ.: எ கேன்சர் ஜர்னல் ஃபார் கிளினிஷியன்ஸ்’ அப்படிப்பட்டது. அதன் தாக்கக் காரணி 2020இல் 508ஐத் தாண்டியது. 2022இல் 254 அளவுக்கு இறங்கியது. 2023இல் மறுபடி 503 வரை ஏறியது. இரண்டே ஆண்டில் அந்த இதழின் தரம் பாதியாகி, மறு ஆண்டில் இரண்டு மடங்கானது என்று யாராவது சொல்வார்களா? உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துத் தரும் குளோபோகன் கட்டுரையும், அமெரிக்க ஆண்டுப் புள்ளிவிவரக் கட்டுரையும் அதில்தான் வெளிவருகின்றன. புற்றுநோய் பற்றி முன்னுரை எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டில் ஒன்றை மேற்கோள் காட்டுகிறார்கள். இதழ் ஆண்டுக்கு வெளியிடுவதோ மிகச் சில கட்டுரைகள். சில கட்டுரைகள் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும் இதழில் ‘ஆய்வுப் போக்கு’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. பட்டதாரி ஆய்வுக்கு இதை வேண்டாம் என்பேன்.

வைலி பதிப்பகம் 2012இல் தொடங்கிய ‘கேன்சர் மெடிசின்’ இதற்கு நேர் எதிர். முழுவதும் திறந்த அணுகல் இதழ். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது. அதே பதிப்பகத்தின் வேறு புற்றுநோய் இதழ்களில் இடம் கிடைக்காத கட்டுரைகள் ஆசிரியரின் ஒப்புதலோடு இங்கே மாற்றி அனுப்பப்படுவதும் உண்டு. அடிப்படை உயிரியல் முதல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் வரை எல்லாம் வருவதால், காலப்போக்கில் எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்கப் போதுமான தரவு இருக்கிறது. முழுக் கட்டுரையையும் காசில்லாமல் திறந்து படிக்கலாம். மேற்கோள் கணக்குப் போடும் மாணவர் கட்டுரையைப் படிக்கவும் வேண்டும் என்று நினைப்பவன் நான், ஆகவே இது எனக்குப் பெரிய தகுதி.

மூன்றாவது ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’. 1963இல் தொடங்கியது, இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழ். வாய்ப் புற்று, கருப்பை வாய்ப் புற்று, நம் மருத்துவமனைகளின் அனுபவம் ஆகியவை உலக இதழ்களில் ஓரத்தில் வரும். இங்கே நடுவில் வரும். கட்டுரை எண்ணிக்கை குறைவு, மேற்கோளும் குறைவு, பழைய ஆண்டுகளின் பதிவுகளில் சுருக்கமும் முகவரியும் விட்டுப்போயிருக்கலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து வகைப்படுத்தக் கூடிய அளவு என்பதால் முதுகலை ஆய்வேட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். முனைவர் பட்டத்துக்கு கேன்சர் மெடிசின். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்திய இதழை மட்டும் பார்த்து ‘இந்தியப் புற்றுநோய் ஆய்வு இப்படி’ என்று முடிவு கட்டக் கூடாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்த கருப்பை வாய்ப் பரிசோதனை, அந்த நோயால் ஏற்படும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது என்று காட்டிய ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. நம் மண்ணின் மிகச் சிறந்த வேலை நம் இதழில்தான் இருக்கும் என்பதில்லை.

சந்தா தளங்கள் இரண்டு

வெப் ஆஃப் சயின்ஸ் இந்தத் துறையின் மூத்தது. யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்த யோசனையிலிருந்து 1960களில் பிறந்த மேற்கோள் அட்டவணையின் இன்றைய வடிவம் அது; இப்போது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. தாக்கக் காரணி இங்கிருந்துதான் வருகிறது. பதிவுகள் சீரானவை, மேற்கோள் இணைப்புகள் ஒழுங்கானவை, வாஸ்வியூவர், பிப்லியோமெட்ரிக்ஸ் போன்ற மென்பொருள்கள் அதன் கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மேற்கோள் பட்டியலோடு கூடிய முழுப் பதிவை ஒரு தடவைக்கு 500 என்ற அளவில்தான் இறக்க முடியும். ஐயாயிரம் கட்டுரை என்றால் பத்துக் கோப்புகள். அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் தளம் இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கும். ‘ஆன்கோடார்கெட்’ என்ற புற்றுநோய் இதழ் சில ஆண்டுகளில் மிகப் பெரிதாக வளர்ந்தது. 2018 தொடக்கத்தில் வெப் ஆஃப் சயின்ஸ் அதைக் கைவிட்டது. இதழ் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. வெப் ஆஃப் சயின்ஸ் தரவை மட்டும் வைத்து அதன் போக்கை வரைந்தால் கோடு 2017க்குப் பிறகு செங்குத்தாக விழும். விவரம் தெரியாத மாணவர் ‘ஆராய்ச்சி ஆர்வம் குறைந்தது’ என்று எழுதிவிடுவார். நீங்கள் எடுத்த இதழ் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்தத் தளத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள்.

எல்சேவியரின் ஸ்கோபஸ் 2004இல் வந்தது. வெப் ஆஃப் சயின்ஸின் முதன்மைத் தொகுப்பைவிட அதிக இதழ்கள், இந்திய இதழ்களும் கூடுதலாகவே உண்டு. ஆசிரியர் தந்த குறிச்சொற்களும் தளம் சேர்த்த குறிச்சொற்களும் தனித்தனிப் பத்திகளில் கிடைப்பது போக்கு ஆய்வுக்கு மிகவும் உதவும். கோப்பைச் சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணை வடிவில் ஒரே மூச்சில் இறக்கலாம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து ஒரே பெயருடையவர்களைப் பிரிக்க முயல்கிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தியப் பொருளுக்கு ஸ்கோபஸையே எடுப்பேன்.

சந்தா இல்லாமலே ஸ்கோபஸின் ஒரு பகுதி திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓர் இதழின் சைட்ஸ்கோர் எனும் மேற்கோள் சராசரியை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்கோபஸ் தரவிலிருந்து கணக்கிடப்படும் சிமாகோ இதழ்த் தரவரிசையும் இலவசம். இதழ் அளவிலான ஒப்பீடு மட்டும் போதும் என்றால் இவை இரண்டே போதுமானவை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்று 2025இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அது இதழ்களைப் படிப்பதற்கான ஏற்பாடு. ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் தேடி இறக்குவதற்கான சந்தா வேறு. திட்டம் வந்துவிட்டதே, இனி எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துத் தலைப்பைப் பதிவு செய்துவிடாதீர்கள்.

“ஸ்கோபஸ் இல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்பார்களா?” என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டது. ஏற்கத்தக்க இதழ்களுக்காகத் தான் வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டது. தனிப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நிபந்தனைகளை வைத்திருக்கலாம். அவற்றை உங்கள் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அவை கட்டுரை எங்கே வெளிவர வேண்டும் என்பதைப் பற்றியவை. தரவை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது முறையியல் சார்ந்தது. காரணத்தோடு எழுதினால் எந்த நேர்மையான தேர்வாளரும் ஏற்பார்.

கூகுள் ஸ்காலர்

சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டாது. கேன்சர் மெடிசினின் ஒரே ஆண்டுக் கட்டுரைகளே அந்த எல்லையைத் தாண்டக் கூடும். ஆசிரியரின் நிறுவன முகவரி கிடைக்காது. எந்தெந்த மூலங்களை எண்ணுகிறது என்ற பட்டியல் வெளியிடப்படவில்லை. ஆய்வேடுகள், முன்பதிப்புகள், கருத்தரங்கத் தாள்கள் எல்லாம் எண்ணிக்கையில் சேரும். ஒரு குறிப்பிட்ட கட்டுரை தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ எங்காவது எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று தேட நல்ல கருவி. முழு இதழை அளக்க உதவாது.

பப்மெட்: நம் கைக்கெட்டும் தளம்

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்தும் பப்மெட் இலவசம். வேதாரண்யத்தில் ஒரு கைப்பேசியிலிருந்தும் திறக்கலாம். வளாக இணைய எண், கடவுச்சொல் எதுவும் வேண்டாம். புற்றுநோய் மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தளம் எனக்குத் தெரியாது. காரணம், மெஷ் எனப்படும் மருத்துவப் பொருள் தலைப்புகள். ஆசிரியர் ‘நுரையீரல் புற்று’ என்று எழுதினாலும் ‘சிறு செல் அல்லாத கார்சினோமா’ என்று எழுதினாலும், ஒழுங்குபடுத்தப்பட்ட தலைப்பு மரத்தில் அதற்குரிய கிளையில் கட்டுரை வந்து சேரும். மருத்துவச் சோதனை, மறுஆய்வு, நோயாளி அறிக்கை என்று கட்டுரை வகையும் பிரித்துத் தரப்படுகிறது. ஆசிரியர் மனம்போனபடி போடும் குறிச்சொற்களை வைத்துப் போக்கு ஆய்வு செய்வதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

நெருக்கத்தில் ஒரு தேடலைப் பார்ப்போம். தேடல் பெட்டியில் இதழின் பெயரை இட வேண்டாம். ‘கேன்சர் மெடிசின்’ என்ற சொற்கள் தலைப்பிலோ சுருக்கத்திலோ வரும் வேறு கட்டுரைகளும் வந்து குவியும். இதழுக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். 2045-7634ஐ இட்டு, இதழ்ப் புலத்தில் தேடு என்று குறிப்பிடுங்கள். இடப்பக்கம் ஆண்டு வாரியான பட்டை வரைபடம் வரும். அதன் எண்களைச் சி.எஸ்.வி.யாக இறக்கிக்கொள்ளலாம். இப்போது ஒரு கட்டுரையைத் திறந்து தேதியைப் பாருங்கள். இணையத்தில் வெளியான தேதி ஒன்று, இதழ்த் தொகுதியில் சேர்ந்த தேதி ஒன்று என்று இரண்டு இருக்கும். டிசம்பரில் இணையத்தில் வந்தது அடுத்த ஆண்டுத் தொகுதியில் இருக்கும். எந்தத் தேதியை ஆண்டாகக் கொள்கிறீர்கள் என்று முடிவு செய்யாமல் போட்ட ஆண்டு வாரி அட்டவணை எதுவும் மற்றொருவர் போட்டதோடு ஒத்துப்போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். 2014க்கு முந்தைய பதிவுகளில் முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே பெரும்பாலும் இருக்கும். அதன் பிறகுதான் எல்லா ஆசிரியர்களின் முகவரியும் சேர்க்கப்படுகிறது. 2013 வரையிலான காலத்தையும் பிந்தைய காலத்தையும் சேர்த்து ‘நாடுகளுக்கிடையிலான கூட்டு ஆய்வு திடீரென உயர்ந்தது’ என்று எழுதினால், உயர்ந்தது கூட்டு ஆய்வா, பதிவு முறையா என்று தேர்வாளர் கேட்பார். அடுத்தது, மெஷ் தலைப்புகளை 2022 வரை பெருமளவு மனிதர்கள் படித்து இட்டார்கள். அந்த ஆண்டிலிருந்து முழுக்க கணினி இடுகிறது, மனிதர்கள் தேவைக்கேற்பச் சரிபார்க்கிறார்கள். ஆகவே 2021க்கும் 2023க்கும் இடையே ஒரு தலைப்பு சட்டென்று கூடினாலோ குறைந்தாலோ, அந்த ஆண்டுகளின் கட்டுரைகளில் ஒரு சிறு மாதிரியைக் கையால் படித்துப் பார்த்துவிட்டே போக்கு என்று எழுத வேண்டும்.

பப்மெட்டில் மேற்கோள் கணக்கு வலுவில்லை என்பார்கள். அந்தக் குறையை ஐசைட் தீர்க்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் இலவசக் கருவி அது. பப்மெட் எண்களை இட்டால் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேற்கோள் எண்ணிக்கையும் ஒப்பு மேற்கோள் விகிதமும் தரும். 2016இல் அறிமுகமான இந்த விகிதம், ஒரு கட்டுரையை அதே துறையில், அதே காலத்தில் வந்த கட்டுரைகளோடு வைத்துப் பார்க்கிறது. அரிய எலும்புப் புற்று பற்றிய கட்டுரையையும் எல்லோரும் ஆராயும் மார்பகப் புற்றுக் கட்டுரையையும் வெறும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது அநியாயம். இந்த விகிதம் அந்த அநியாயத்தை ஓரளவு சரிசெய்கிறது. இது இலவசமாகக் கிடைத்தும், ‘அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பத்துக் கட்டுரைகள்’ என்ற அட்டவணையோடு நம் ஆய்வேடுகள் நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓப்பன்அலெக்ஸ்

மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத் தொகுப்பை 2021 இறுதியில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது ஓப்பன்அலெக்ஸ். முழுக்கத் திறந்த தரவு. யாரும் இறக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் திரும்பியது. பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் லெய்டன் தரவரிசை 2024இல் இதன் அடிப்படையில் ஒரு திறந்த பதிப்பை வெளியிட்டது. இலவசமாகக் கிடைப்பது மட்டம் என்ற எண்ணம் உள்ள நெறியாளர்களிடம் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

குறைகள் உண்டு. நிறுவனப் பெயர்களைத் தவறாகப் பொருத்துகிறது. ஆசிரியர் கடிதத்தையும் தலையங்கத்தையும் கட்டுரை என்று சேர்த்துவிடுகிறது. பொருள் தலைப்புகளைக் கணினியே ஊகித்து இடுவதால் சில வேளை விசித்திரமாக இருக்கும். ஆகவே பொருள் போக்குக்குப் பப்மெட், மேற்கோள் வலைக்கும் நிறுவனங்களுக்கும் ஓப்பன்அலெக்ஸ் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே சரி. இரண்டையும் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான டி.ஓ.ஐ. எண்ணால் இணைக்கலாம். ஐயம் வரும் பதிவுகளை, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் சரிபார்க்கலாம். பதிப்பகங்கள் அங்கே அளித்துள்ள மேற்கோள் பட்டியல்கள் 2022 முதல் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன.

பெயரும் ஊரும்

எந்தத் தளத்தை எடுத்தாலும் தமிழர்களைப் பற்றிய கணக்கில் மட்டும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. ஆர். செந்தில்குமார் என்பவர் ஒரு கட்டுரையில் ‘செந்தில்குமார் ஆர்’ ஆகிறார்; முதலெழுத்தை விரித்து எழுதிய இன்னொன்றில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி ‘ராமசாமி எஸ்’ ஆகிவிடுகிறார்; ‘செந்தில்’ தனியாகவும் ‘குமார்’ தனியாகவும் எழுதிய மூன்றாவதில் ‘குமார் ஆர்.எஸ்.’ ஆகி, இந்தியா முழுவதிலும் உள்ள ஆயிரக்கணக்கான குமார்களோடு கலந்துவிடுகிறார். ஒரே மருத்துவர் மூன்று பேராக எண்ணப்படுகிறார். அல்லது முப்பது பேர் ஒருவராக எண்ணப்பட்டு ‘அதிகம் எழுதியவர்’ பட்டியலில் முதலிடம் பெறுகிறார். ‘அதிகம் எழுதிய ஆசிரியர்கள்’ என்ற அட்டவணையைப் பார்த்தவுடன் நான் தேடுவது இதைத்தான்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில், நூலகப் பணியில் புள்ளியியலைப் பயன்படுத்தும் ‘லைப்ரமெட்ரி’ என்ற துறையை முன்மொழிந்தார். நாம் இன்று செய்யும் வேலையின் முன்னோடி அது. அவர் பெயரில் உள்ள எஸ் ஊரைக் குறிக்கிறது, ஆர் தந்தையைக் குறிக்கிறது. இன்றைய தளங்கள் அவரையே எப்படிப் பிரித்துப் போட்டிருக்கும் என்று மாணவர்களிடம் கேட்பேன். இந்தத் துறைக்கு வித்திட்ட மண்ணிலிருந்து வருகிறவர்கள் பெயர்க் கணக்கில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

ஊர்ப் பெயரும் அப்படியே. தஞ்சாவூர், டாஞ்சோர், திருச்சிராப்பள்ளி, திருச்சி, டிரிச்சி, எல்லாம் ஒரே பத்தியில் வரும். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் சில பதிவுகளில் ‘கேன்சர் இன்ஸ்டிடியூட்’ என்று மட்டும் இருக்கும், சிலவற்றில் இந்திய மாதர் சங்கத்தின் முதலெழுத்துகளோடு இருக்கும், சிலவற்றில் அடையாறு சேர்ந்திருக்கும். இதற்கு எந்தத் தளமும் முழுத் தீர்வு தரவில்லை. இந்திய முகவரியுள்ள பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் ஒத்த பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் உள்ள ஆசிரியர்களுக்கு வேலை எளிது.

எந்த அளவுகோல்?

தாக்கக் காரணி என்பது ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக்கட்டுரைகளும் மறுஆய்வுகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தது. சைட்ஸ்கோர் நான்கு ஆண்டுகளைப் பார்க்கிறது. இரண்டும் இதழின் சராசரி. தனிக் கட்டுரையின் தகுதி பற்றி ஒன்றும் சொல்லாது. 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா அறிக்கை இதைத்தான் வலியுறுத்தியது. கேன்சர் மெடிசினின் காரணி 2021இல் 4.7, 2022இல் 4.0, 2023இல் 2.9. இதை இதழின் வீழ்ச்சி என்று எழுதும் முன், கொரோனாக் காலத்தில் வீங்கிய மேற்கோள்கள் வடிந்து அந்த ஆண்டுகளில் மருத்துவ இதழ்கள் பலவற்றின் காரணி இறங்கியதையும் பக்கத்தில் வையுங்கள். சராசரியோடு இடைநிலை மதிப்பையும், ஒருமுறைகூட மேற்கோள் பெறாத கட்டுரைகளின் விழுக்காட்டையும் தந்தால் படம் முழுமையாகும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை நீக்கிவிட்டுக் கணக்கிடுவதா, சேர்ப்பதா என்பதையும் முடிவு செய்யுங்கள். ‘டியூமர் பயாலஜி’ இதழின் 107 கட்டுரைகளைப் போலி மதிப்பாய்வு காரணமாக ஸ்பிரிங்கர் 2017 ஏப்ரலில் ஒரே வீச்சில் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்டவை வெறும் எண்ணிக்கையில் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கும். பப்மெட் அவற்றைத் தனி வகையாகக் காட்டுகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தொகுப்பாக கிராஸ்ரெஃப் 2023இல் வாங்கித் திறந்துவிட்ட ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவும் இலவசம்.

இனி உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பது. திருச்சியிலோ சிதம்பரத்திலோ திருவாரூரிலோ பல்கலைக்கழக வளாகத்தில் பதிவு செய்தவர் முதலில் நூலகத்தில் எந்தத் தளத்துக்குச் சந்தா இருக்கிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று கேட்க வேண்டும்; நடுவில் சந்தா நின்றுபோய் ஆய்வு பாதியில் தொங்கியவர்களை எனக்குத் தெரியும். ஸ்கோபஸ் இருந்தால் அதை முதன்மையாக வைத்து, பொருள் தலைப்புகளுக்குப் பப்மெட்டைச் சேருங்கள். இணைப்புக் கல்லூரியில் படிப்பவர், பகுதி நேர ஆய்வாளர், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் ஆகியோருக்குப் பப்மெட், ஐசைட், ஓப்பன்அலெக்ஸ் மூன்றும் போதும். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து ‘எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பலாம்’ என்று கேட்கும் இளம் மருத்துவருக்கு இவ்வளவு தேவையில்லை; பப்மெட்டில் இதழ் இடம்பெற்றிருக்கிறதா, தம் பொருளில் அண்மையில் கட்டுரை வந்திருக்கிறதா, வெளியீட்டுக் கட்டணம் எவ்வளவு, தள்ளுபடி உண்டா என்று பார்த்தால் போதும். உலகத் திறந்த இதழ்கள் பலவற்றில் கட்டணம் சில ஆயிரம் டாலர் வரை போகிறது.

கேள்வியையும் கொஞ்சம் கூர்மையாக்குங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். குளோபோகன் 2022 கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது. மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகிய மூன்றும் முன்னணியில் இருக்கின்றன. கேன்சர் மெடிசினில் பத்தாண்டில் இந்த மூன்றுக்கும் கிடைத்த இடம் எவ்வளவு? அந்தக் கட்டுரைகளில் இந்திய நோயாளிகளைப் பற்றியவை எத்தனை? அவற்றின் ஒப்பு மேற்கோள் விகிதம் மற்றவற்றோடு எப்படி நிற்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் இலவசத் தளங்களிலேயே விடை இருக்கிறது. நோயின் சுமைக்கும் ஆய்வின் கவனத்துக்கும் இடையிலான தூரத்தை எண்ணோடு காட்டும் ஆய்வேட்டை ஒரு மருத்துவரும் எடுத்துப் படிப்பார்.

தரவை இறக்கும்போது எல்லாக் கோப்புகளையும் ஒரே வாரத்துக்குள் இறக்கிவிடுங்கள். மேற்கோள் எண்கள் நாள்தோறும் மாறும். தேடல் தொடரை ஒரு எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த தளத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அந்தச் சி.எஸ்.வி. கோப்பை ஸெனோடோ களஞ்சியத்தில் ஏற்றலாம். காசு இல்லை, டி.ஓ.ஐ. எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை முறையியல் இயலில் அச்சிட்டுவிட்டால், வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் உங்கள் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.